உருளைக்கிழங்கு இலையின் சத்தம்

நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத் தோட்டத்தில் உருளைக்கிழங்குச் செடியை விலக்கியபோது இலைகள் காய்ந்த தாளைப்போலச் சரசரத்தன. பச்சை இலைக்கு அந்தச் சத்தம் வரக்கூடாது. என் கை அப்படியே நின்றுவிட்டது.

நான் சின்னப்பிள்ளையாய் இருந்தபோது, வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லய வீட்டு வரிசைக்குப் பின்னால் அப்பா போட்டிருந்த செடிகளும் இப்படித்தான் சுருண்டு சரசரத்தன. பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த செல்லம்மா அத்தை செய்வினை வைத்துவிட்டாள் என்று அப்பா நம்பினார். ஒரு சாயங்காலம் மண்வெட்டியோடு அவள் வாசலில் போய் நின்றார். நான் அம்மாவின் சேலையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"என்னத்தப் பொதச்ச செல்லம்மா? மரியாதையா சொல்லு."

அத்தை அடுப்படியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "நீங்க குடுத்த வெதக் கெழங்கத்தாண்ணே பொதச்சேன். போயிப் பாருங்க, என்னோடதும் சுருண்டுதான் கெடக்கு."

அப்பா போய்ப் பார்த்தார். அவள் பாத்தியும் காற்றில் சரசரத்தது. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

பெரிய கிழங்கைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, பொடிக்கிழங்கை விதைக்கு வைப்பது அவர் வழக்கம். இலையைச் சுருட்டும் வைரஸ் பிடித்த செடியில் கிழங்கு பெரும்பாலும் பொடியாகத்தான் இருக்கும். அதை விதைத்தால் நோயும் கூடவே முளைக்கும். செடிப்பேன் அதைப் பக்கத்துச் செடிக்குக் கொண்டுபோகும். எங்கள் குடும்பத்தில் இதைப் படித்துத் தெரிந்துகொண்ட முதல் ஆள் நான்.

பள்ளிக்கூடப் பாத்திச் செடிகள் முழுவதையும் பிடுங்கி எரித்தேன். இந்த விதையும் அப்பா ஆசையாகக் கொடுத்தனுப்பியதுதான். பள்ளிக்கூடத் தோட்டத்தின்மேல் யார் கண் பட்டது என்று கேட்பார். நான் அவருடைய பொடிக்கிழங்குச் சாக்கைத்தான் காட்டவேண்டும்.