மாஸ்டரின் இடது கால்

முப்பத்தொரு வருடமாக பேன்ட் தைக்கிறவர். அடுத்தவர் கால் அளவில் அரை சென்டிமீட்டர்கூடப் பிசகியதில்லை. தன் காலில் மட்டும் இரண்டு சென்டிமீட்டர் கோட்டை விட்டார்.

கடைத்தெரு முழுக்க அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். துணியை அவர் வெட்டித் தைப்பார். பட்டன் வைப்பதும் ஓரம் மடிப்பதும் அவர் மனைவி. நாலைந்து வருடமாக மாஸ்டருக்கு இடது முழங்காலில் வலி. தைலம் தேய்த்தார், பட்டை மாட்டினார், மிதி மெஷினுக்கு மோட்டார் வைத்தார். "என்ன மாஸ்டர், நடக்கும்போது ஒரு பக்கம் சாயுதே?" என்று யாராவது கேட்டால், "உன் கண்ணுதான் சாஞ்சிருக்கு, போய்க் காட்டு" என்பார். அப்படிக் கேட்டவரின் சட்டை ஒரு வாரம் தாமதமாகும்.

எதுவும் கேட்காமல் கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனார். எலும்பு டாக்டரம்மா முழங்காலைப் பேருக்குத் தொட்டுப் பார்த்தார். பிறகு படுக்க வைத்து, காலை மடக்கி, தொடையை உள்பக்கமாகத் திருப்பினார். மாஸ்டர் கட்டிலை விட்டே எழும்பிவிட்டார்.

"எங்க வலிக்குது?"

"முழங்கால்லதான்."

"நான் திருப்பினது இடுப்பு மூட்டை."

கோளாறு இடுப்பில்தான், வலி முழங்காலில் தெரிகிறது என்று எக்ஸ்ரேயும் காட்டியது. இடுப்புக் கிண்ணத்துக்குள் உருள வேண்டிய தொடையெலும்பின் உருண்டை தேய்ந்து தட்டையாகி, காலே குட்டையாகியிருந்தது. வலது மூட்டும் தேயத் தொடங்கியிருந்தது. முதலில் இடது, பிறகு வலது என்று முடிவானது.

இடது பக்கம் புது மூட்டு வைத்தார்கள். வலி போன இடம் தெரியவில்லை. மாஸ்டர் தொளதொள அரை டவுசரில், கைத்தடியோடு வீட்டை வலம் வந்தார்.

கடைக்குப் போகலாம் என்று பேன்ட் மாட்டிய அன்றுதான் வினை. கண்ணாடியில் பார்த்தால் வலது பக்கம் சரி. இடது பக்கம் கணுக்கால் எட்டிப் பார்த்தது. வேறு பேன்ட் மாற்றினார். அதுவும் அப்படியே.

"காலை நீட்டி விட்டுட்டாங்க. அளவு தெரியாதவங்க கையில போய்க் குடுத்துட்டேன். வலது காலைக் குடுக்க மாட்டேன்."

"அதுவும் இப்படித் தேஞ்சா என்னங்க பண்றது?"

"தேயட்டும். முதல்ல போய் ரெண்டு வார்த்தை கேட்டுட்டு வரேன்."

மனைவியும் கூடவே போனார்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. "உங்க டேப்பைக் குடுங்க மாஸ்டர்" என்றார். அது வழக்கம்போல் கழுத்தில்தான் தொங்கியது. இடுப்பெலும்பின் முனையிலிருந்து உள் கணுக்கால் வரை இரண்டு காலையும் அளந்து, எண்ணை அவரையே படிக்கச் சொன்னார். ஒரே அளவு.

"கால் சரியா இருக்கு. பேன்ட் யார் தச்சது?"

"நான்தான்."

"ஓரம் மடிச்சது?"

மனைவி மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் எலும்பை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடது ஓரம் தரையில தேஞ்சு கிழிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி மடிச்சேன். சொன்னா, என் கண்ணு சாஞ்சிருக்கும்பீங்க."

"எத்தனை பேன்ட்டுல?" என்றார் மாஸ்டர்.

"எல்லாத்துலயும்தான்."

மாஸ்டர் டேப்பைச் சுருட்டினார், மறுபடி விரித்தார். "மடிப்பு அவ்வளவு நேர்த்தி. அதான் எனக்கே தெரியல" என்றார்.

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்: "அப்ப வலது கால்?"

"எடுத்துக்குங்க. இவகிட்ட மட்டும் அளவு கேக்காதீங்க."

அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி காலை அறுவை சிகிச்சை. அதற்குள் எல்லா பேன்ட்டிலும் இடது மடிப்பைப் பிரித்தாக வேண்டும்.