லைட் அக்கா

கருப்பை வாய்க்கு ஒளி சிகிச்சை தரும் அறையில் அவள் உதவியாளர். மருத்துவமனை முழுக்க அவளுக்கு 'லைட் அக்கா' என்றுதான் பெயர். வாய் என்றால் அப்படியொரு வாய். அங்கே வந்து படுக்கும் பெண்களுக்கு மருந்துக்கு முன்னால் அவள் பேச்சுதான் வேலை செய்யும்.

புற்றாக மாறக்கூடிய செல்களை மேல்பரப்பில் இருக்கும்போதே கண்டுபிடித்துவிட்டால் கத்தி தேவையில்லை. மருந்தைத் தடவி, அது ஊறும்வரை காத்திருந்து, சிவப்பு வெளிச்சத்தைக் காட்டுவார்கள். கெட்டது அழியும், கர்ப்பப்பை பிழைக்கும். இதை டாக்டரம்மா சொன்னால் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு ஓடிவிடுகிற பெண்கள், லைட் அக்கா சொன்னால் மறுபேச்சில்லாமல் படுத்துவிடுவார்கள். அதற்கென்றே அவள் ஒரு பொய் வைத்திருந்தாள்.

"நானே பண்ணிக்கிட்டவதான் கண்ணு. லேசா சுருக்குனு இருக்கும், அவ்வளவுதான். பாரு, குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன்ல?"

உண்மையில் அவள் பரிசோதனைகூடச் செய்துகொண்டதில்லை. ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டபின் ஒருத்தியும் பாதியில் எழுந்து போனதில்லை. அதில் அவளுக்கு ஏகப் பெருமை. திரைக்கு அந்தப் பக்கம் இருந்த டாக்டரம்மாவும் நம்பிவிட்டார். ஊழியர்களுக்கெல்லாம் பரிசோதனை நடந்தபோது, "உங்களுக்குத்தான் எல்லாம் ஆயிடுச்சே அக்கா" என்று அவளை விட்டுவிட்டார். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். சுற்றிலும் நோயாளிகள் இருக்கிறார்களே, குட்டு வெளிப்பட்டுவிடுமே என்று சிரித்து மழுப்பினாள். ஊருக்கெல்லாம் வாய் கிழியப் பேசியவளுக்குத் தனக்காக ஒரு வார்த்தை வரவில்லை.

மாதவிலக்கு நின்று சில வருடங்கள் ஆனபின் மறுபடி உதிரம் பட்டது. சூடு என்று தள்ளிப்போட்டாள். இடுப்பு வலி தாங்க முடியாமல் போனபிறகுதான் டாக்டரம்மாவிடம் போய் நின்றாள்.

பரிசோதனை முடிவு வந்த அன்று டாக்டரம்மா கதவைச் சாத்தினார்.

"மேலாக்க இருந்திருந்தா நம்ம லைட்டே போதும் அக்கா. இது ஆழமா இறங்கிடுச்சு. பக்கத்துலயும் பரவியிருக்கு." அறிக்கையை மூடி வைத்துவிட்டு, "நீங்க பண்ணிக்கிட்டதா சொன்னீங்களே, நானே காதால கேட்டேனே" என்றார்.

"அதுங்க பயந்து ஓடிடக் கூடாதுன்னு சொன்னது, டாக்டரம்மா."

டாக்டரம்மா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். லைட் அக்காதான் எழுந்துபோய் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை, பயமாக இருந்தது.

வெளியே சரக்கு வேனில் புருஷன் காத்திருந்தான். அதிகம் பேசாத மனுஷன். அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது, பாதி மட்டும்.

"அதுதானா?"

அவள் தலையாட்டினாள்.

"இதுக்குப் போயி இப்படி இடிஞ்சு போயிட்டியே. லைட்டு வெச்சா சரியாயிடும்னு நீதானே எல்லாருக்கும் சொல்லுவ? நீ போயி படு. நான் லீவு போட்டுட்டு வந்து உன் கையைப் பிடிச்சுக்கறேன்."

"அந்த ரூமு எனக்கு இல்லீங்க."

"ஏன், வேலை பாக்கறவங்களுக்குப் பண்ண மாட்டாங்களா? நான் வந்து டாக்டரம்மாகிட்ட கேக்கறேன்" என்று அவன் வண்டியை விட்டு இறங்கப் பார்த்தான்.

அவள் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். வெளிச்சம் உதவாது என்று திருப்பி அனுப்பப்படும் பெண்களிடம் அவள் ஒருநாளும் பேசியதில்லை. அது டாக்டரம்மா பாடு என்று ஒதுங்கிவிடுவாள். அவர்களுக்கு எந்த வார்த்தையால் சொல்வார்கள் என்பதே அவளுக்குத் தெரியாது.

ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வண்டியை எடுக்காதீங்க. கொஞ்ச நேரம் இருங்க."