அத்தானுக்கும் வைத்தியநாதருக்கும் நடந்த சண்டை

எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்று தெரிந்ததும் பலரும் கேட்பது, "சாமி ஒங்களுக்கு என்ன கொற வச்சுச்சு?" என்றுதான். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஆயுத பூஜை அன்று மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைக்கும்போது நானும் கூட நிற்பேன், பொரிகடலை தின்பேன். கும்பிட மாட்டேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்கள் அதைக் கவனித்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். இவளுக்கு ஏதோ பெரிய இழப்பு நடந்திருக்கிறது, அந்தக் கோபத்தில்தான் இப்படி இருக்கிறாள் என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலத்தில் ஒருநாள் சன்னதியில் கைகூப்பி நின்றபோது, நான் யாரிடமும் பேசிக்கொண்டிருக்கவில்லை என்று தோன்றியது. அவ்வளவுதான். அழவில்லை, பயப்படவும் இல்லை. வெளியே வந்து என் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு அம்மாவோடு வீட்டுக்குப் போனேன்.

நம்பாமல் இருப்பதும் கோபித்துக்கொள்வதும் ஒன்றுதானா என்று நான் யோசிக்க ஆரம்பித்தது என் அத்தானால்தான். அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்தில் வீடு. வாசலுக்கு வந்தால் வைத்தியநாத சுவாமி கோயில் கோபுரம் தெரியும். காலையில் குளித்து, திருநீறு பூசி, அவரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தால்தான் அத்தானுக்குக் காப்பி இறங்கும்.

அக்காவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று தெரிந்தபோது வீட்டிலேயே கலங்காமல் இருந்தவர் அவர் ஒருவர்தான். "பேரே வைத்தியநாதரு. மதுர டாக்டரு பாக்குறது ஒரு பக்கம், இவரு பாக்குறது ஒரு பக்கம்" என்பார். ஈரத்துணியோடு பிரகாரத்தைச் சுற்றுவார். மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒவ்வொரு முறையும் காரைக் கோயில் முன்னால் நிறுத்தி, அக்காவை வண்டியிலேயே உட்கார வைத்துவிட்டு ஓடிப்போய்த் திருநீறு வாங்கி வருவார். அக்கா பிழைக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பூஜை அறையில் இருந்த படங்களை எல்லாம் கழற்றி எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். வைத்தியநாதர் படத்தை மட்டும் கொடுக்கவில்லை. அதே ஆணியில், முகம் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டிவைத்தார். கோயிலுக்குப் போவதை நிறுத்தினார். கேட்டவர்களிடம், "சாமியாவது ஒண்ணாவது" என்றார். சொந்தக்காரர்கள், "கொழுந்தியாகூடப் பேசிப் பேசி இவரும் நாத்திகமாப் போயிட்டாரு" என்றார்கள். அம்மைபோல் என்னிடமிருந்து ஒட்டிக்கொண்டதாக நினைப்பு!

முதல் தெவசம் நெருங்கியபோது கோயம்புத்தூரில் இருந்து அக்கா மகள் போன் செய்தாள்.

"சித்தி, அப்பா தெவசம் குடுக்க மாட்டேங்காங்க. நீங்க போயிச் சொல்லுங்க."

"நானா?"

"நீங்கதான அவங்க கட்சி. நீங்க சொன்னா கேப்பாங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். அத்தான் தானே டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். நான் சுற்றி வளைக்காமல் ஆரம்பித்தேன்.

"அத்தான், தெவசத்தக் குடுத்துருங்க. புள்ளைக்கு ஆறுதலா இருக்கும்."

"நீயா சொல்ற? நீதான் எதையும் நம்ப மாட்டியே."

"நான் நம்பலதான். ஆனா நாலு பேரு சேந்து ஒக்காந்து அக்காவ நெனைக்கிறதுல எனக்கென்ன கஷ்டம்? ஒங்களுக்கு ஏன் கசக்குது?"

"அந்தாளு முன்னால நான் குனிஞ்சு எள்ளும் தண்ணியும் விடணுமாக்கும்? என்னால ஏலாது."

"எந்தாளு முன்னால?"

திருப்பி மாட்டிய படத்தை முகவாயால் காட்டினார்.

"இல்லாத ஆளு முன்னால எப்படி அத்தான் குனிய முடியும்?"

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இல்லன்னு யாரு சொன்னா? இருக்காரு. நான் கேட்டது அம்புட்டும் அவரு காதுல விழுந்துச்சு. கேட்டுக்கிட்டே சும்மா இருந்தாரு. அதத்தான் என்னால பொறுக்க முடியல."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஊரே நாத்திகர் என்று சொன்ன மனிதருக்கு, அந்தத் தெருவில் வேறு யாருக்கும் இல்லாத அளவுக்கு உறுதியாக, கடவுள் இருந்தார். எங்கள் இருவரையும் ஒரே கட்சியில் சேர்த்தவர்கள் சரியாகப் பார்க்கவில்லை. நானும்தான் பார்க்கவில்லை.

சாயங்காலம் என்னைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்கு எதிரே போனார். ரோட்டுக்கு இந்தப் பக்கம், செருப்பைக் கழற்றாமல், கோபுரத்தைப் பார்த்து நின்றார். தினமும் இப்படி வந்து நிற்பாராம்.

"நின்னு என்ன செய்வீங்க?"

"திட்டுவேன்."

"சத்தமாவா?"

"மனசுக்குள்ளதான். போறவங்க வாறவங்க எல்லாம் நான் கும்பிடுறேன்னு நெனச்சுக்கிடுவாங்க."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, கோயிலில் இருந்து வந்த ஒரு அம்மா, "இந்தாங்கய்யா" என்று திருநீற்றுப் பொட்டலத்தை நீட்டினார். அத்தான் மரியாதையாக வாங்கிக்கொண்டார். பூசவும் மனமில்லை, கீழே போடவும் முடியவில்லை. கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். அக்கா போனபிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிறகு அவர் கேட்டார். "ஒனக்குக் கோவமே வரலியா? ஒன் கூடப் பொறந்தவதான அவ."

வந்தது என்று சொன்னேன். ஆனால் யார்மேல் என்று தெரியவில்லை. மதுரையில் ஸ்கேன் ரிப்போர்ட் தாமதமாக வந்ததற்கு டியூட்டியில் இருந்த டாக்டர் பெண்ணிடம் கத்தினேன். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வீட்டில் டிவி சத்தத்துக்குக் கணவரிடம் சண்டை. பஸ்ஸில் காலை மிதித்தவரிடம் சண்டை.

அத்தான் யோசித்துவிட்டு, "நான் திட்டுனா இவருக்கு வலிக்காது. நீ கத்துனது அந்தப் புள்ளைக்கு வலிச்சிருக்கும்ல" என்றார். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அவருக்கே அது புதிதாகத் தோன்றிய மாதிரி சொன்னார். என்னிடம் இல்லாத ஒரு வசதி அவரிடம் இருந்தது என்று பட்டது.

தெவசம் கொடுத்தார். "ஒங்க அக்காவுக்காக. வேற யாருக்காகவும் இல்ல" என்று சொல்லிவிட்டுத்தான் மணையில் உட்கார்ந்தார். மகள் வந்திருந்தாள். ஐயர் சொன்ன மந்திரத்தை அவர் திருப்பிச் சொல்லவில்லை, ஐயரும் வற்புறுத்தவில்லை.

அதற்குப் பிறகு மில்லில் வேலை அதிகம், நான் போவது குறைந்தது. போன ஆடி மாதம் போனபோது பூஜை அறைச் சுவரில் ஆணி மட்டும்தான் இருந்தது.

"படம் எங்க அத்தான்?"

"எதுத்த வீட்டுலயே குடுத்துட்டேன்."

"சமாதானம் ஆயிட்டீங்களா?"

உள்ளே போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

"ஒரு நாளு அங்கன போயி நின்னேன். திட்டலாம்னு பாத்தா ஒண்ணும் வரல. மறுநாளும் போனேன், வரல. கல்லுக் கோபுரம், புறா, லைட்டு. அம்புட்டுத்தான் இருந்துச்சு. கோவம் இருந்த வரைக்கும் அவரு இருந்தாரு. கோவம் போனதும் அவரும் போயிட்டாரு."

இப்போது மகள் ஊருக்கு வந்தால், பேத்தியைத் தூக்கிக்கொண்டு அவளோடு கோயிலுக்கு உள்ளேயே போகிறாராம். தூணில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாராம். கசப்பு ஒன்றும் இல்லையாம். பார்த்த சொந்தக்காரர்கள், மனிதர் திருந்திவிட்டார் என்று சந்தோஷப்படுகிறார்களாம். இதைச் சொல்லும்போது அவருக்கு லேசாகச் சிரிப்பு வந்தது.

பஸ் ஸ்டாண்டுக்கு என்னோடு நடந்து வந்தார். ராஜபாளையம் பஸ் நின்றுகொண்டிருந்தது. ஜன்னலோரம் எனக்கு இடம் கிடைத்தது. அவர் கீழே நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"ஒனக்குச் சின்ன வயசுல இருந்தே இப்படித்தான? தனியாத் தெரியாதா? வீட்டுல ஆளு கொறஞ்ச மாதிரி?"

இந்தக் கேள்வியை இதற்குமுன் யாரும் என்னிடம் கேட்டதில்லை. உண்மையாகவே யோசித்தேன். "தெரியல அத்தான். எனக்கு யாரும் இருந்து போகலயே" என்றேன்.

"ஆமா, எனக்கு இருந்து போயிட்டாருல்ல" என்றார். "கொஞ்ச நாளாகும். பொறவு பழகிரும்."

டிரைவர் ஏறி வண்டியைக் கிளப்பினார். அத்தான் கம்பியில் இருந்து கையை எடுத்துவிட்டு, "போயிச் சேந்ததும் போன் போடு" என்றார்.