தும்பிக்கைக்குள் மாட்டிய அரைஞாண் கயிறு

தம்புள்ளைப் பக்கம் ஒரு மிருகப் பூங்காவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனோம். இந்த யுத்த காலத்தில் அப்படியொரு பயணம் வாய்ப்பதே பெரிது. அங்கே ஒரு சிமெந்து யானை. பின்பக்கம் படியேறி வயிற்றுக்குள் நுழைந்து, தும்பிக்கை வழியாகச் சறுக்கி இறங்க வேண்டும். மூன்று வயது மகன் தனியாகப் போகப் பயந்ததால், கைக்குழந்தையோடு நானும் ஏறினேன்.

பாதித் தும்பிக்கையில் மகன் வீறிட்டான். அவன் அரைஞாண் கயிறு ஒரு கம்பியில் மாட்டி இறுகிவிட்டது. பின்னால் பிள்ளைகள் நெருக்கியடித்தார்கள். அந்த இருட்டில் முன்னேயும் போக முடியவில்லை, பின்னேயும் போக முடியவில்லை.

கீழே தும்பிக்கை வாய்க்குள் எட்டிப் பார்த்துக் கணவர் கத்தினார்: "தள்ளாத புள்ள, வயித்த அறுக்குது! கயித்த அத்து விடு!"

"கோயில்ல மந்திரிச்சுக் கட்டினதுங்க!"

"புள்ள வேணுமா, கயிறு வேணுமா ஒனக்கு?"

பின்னாலிருந்த சிங்களப் பெண் "பபாவ தென்ன" என்று குழந்தையைத் தரச்சொல்லிக் கைநீட்டினார். முகம்கூடத் தெரியாத அவரிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டு, தலைகீழாகத் தவழ்ந்து கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தேன். மகன் வழுக்கிப்போய் அப்பா மடியில் விழுந்தான். அந்தப் பெண்ணும் குழந்தையை அணைத்தபடி பின்னாலேயே வந்து சேர்ந்தார்.

இப்போதெல்லாம் விளையாடும் இடத்துக்குப் போனால், முதல் வேலையாக, அவனுக்குப் புதிதாகக் கட்டிய கயிற்றைக் கழற்றி என் தாலிக்கொடியில் முடிந்துகொள்கிறேன். சாமி கோபிக்காது, பிள்ளையைக் காப்பாற்றத்தானே கட்டினோம்!

– ஒரு தாய், உக்குவளை