மோர் வாங்கிய வீடுகள்

எங்கள் மகள் டைபாய்டில் இறந்தாள். காரியம் முடிந்ததும் நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். சுகாதார இலாகாவில் எனக்கு வேலை. தொற்றுநோய் கண்ட வீடுகளுக்குப் போய், நோய் எங்கிருந்து வந்தது என்று விசாரிக்க வேண்டும். எங்கள் வீட்டை ஒட்டிய பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அப்போது வீட்டு வரிசைக்கு ஒருவராவது காய்ச்சலில் படுத்திருந்தார்கள். வீட்டில் உட்கார்ந்திருப்பதைவிட நடப்பது சுலபமாக இருந்தது.

எல்லோருக்கும் ஒரே குழாய்த் தண்ணீர். ஆனாலும் ஒரு வீட்டில் காய்ச்சல், பக்கத்து வீட்டில் இல்லை. இன்ஜினில் கரி போடுபவர் ஒருவரின் மனைவி, மகன் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிக்கொண்டே சொன்னாள்: "வெளியில எதுவும் வாங்கித் தர்றதில்லைங்க. மோர்க்காரம்மா ஊத்துற மோர் மட்டுந்தான்."

ஏற்கெனவே போன வீடுகளுக்குத் திரும்பப் போனேன். காய்ச்சல் கண்ட வீடுகளில் எல்லாம் மோர் வாங்கியிருந்தார்கள், மற்ற வீடுகளில் வாங்கவில்லை.

சாயங்காலம் மனைவியிடம் கேட்டேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"நாம மோர் வாங்கினோமா?"

"தினமும் வாங்கினோமே. பாப்பாதான் சொம்பைத் தூக்கிக்கிட்டு ஓடும். ஏன் கேக்குறீங்க?"

சொன்னேன். களைந்த அரிசியையே மறுபடி களைந்தாள்.

மோர்க்காரம்மா தனியாள். ரயில் பாதைக்குப் பின்னால் இரண்டு மாடு வைத்திருந்தார். எங்கள் வீட்டுச் சாவுக்கு வந்து என் மனைவியைக் கட்டிக்கொண்டு அழுதவர். நானும் எங்கள் இலாகா டாக்டரும் போனபோது கொட்டகை சுத்தமாகத்தான் இருந்தது. பாலைக் காய்ச்சித்தான் உறை ஊற்றினார். தயிரை மட்டும் கையால் கரைத்தார். முன்பு ஒருமுறை அவருக்கே நீண்ட காய்ச்சல் வந்து போயிருந்தது.

"இப்ப எனக்கு ஒண்ணுமில்லையே தம்பி. நல்லாத்தானே இருக்கேன்."

"கிருமி உள்ளேயே தங்கியிருக்கலாம்மா. உங்கள ஒண்ணும் செய்யாது. அடுத்தவங்களுக்குத் தொத்தும்."

"அப்ப பாப்பா?"

எனக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

"இருக்கலாம்மா" என்றேன்.

அவர் கையை முந்தானையில் துடைத்தார். பிறகு, "ஆஸ்பத்திரிக்கு வரேன். மாட்டுக்கு மடி கட்டிக்குமே, யாரு கறப்பா?" என்றார்.

இதை வீட்டில் மனைவியிடம் சொன்னேன். விடிந்ததும் வாளியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். கறந்த பாலைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு வந்தாள். மோர்க்காரம்மா ஆஸ்பத்திரியில் இருந்தவரை காலையும் மாலையும் அப்படித்தான் போய்வந்தாள்.

சோதனையில் கிருமி இருப்பது உறுதியானது. இனி மோரோ, சாப்பிடும் வேறு எந்தப் பண்டமோ விற்கக்கூடாது என்றார்கள். அவர் மாடுகளைக் கிள்ளானில் ஒருவருக்கு விற்றுவிட்டு, மேரு பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் புல் வெட்டப் போனார். போகும்முன் எங்கள் வாசலில் வந்து நின்றார். மனைவி உள்ளே கூப்பிட்டாள், அவர் படியேறவில்லை.

அதன்பின் குவார்ட்டர்ஸில் புதிதாக யாருக்கும் காய்ச்சல் காணவில்லை. டாக்டர் என்னைப் பாராட்டினார். தலையாட்டிவிட்டு, அம்மை கண்டிருப்பதாகச் சொன்ன ஒரு மலாய்க் கிராமத்துக்குச் சைக்கிளை மிதித்தேன்.