சீனப் பல் வைத்தியருக்குப் போடாத கையெழுத்து

1962 நவம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். விட்டு விட்டு மழை. தென்காசியில் என் வீட்டுக் கதவைத் தட்டியவர் சீனப் பல் வைத்தியர். கையில் குடையில்லை. சட்டைக்குள் ஒரு காகிதத்தை நனையாமல் வைத்திருந்தார்.

ரயில் நிலையச் சாலையில் அவருக்குக் கடை. தகப்பனார் காலத்திலேயே இந்தப் பக்கம் வந்துவிட்ட குடும்பம். பேச்சில் நம் ஊர்க்காரர்தான். எனக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை. அவரும் தனி ஆள். அருவியில் தண்ணீர் விழும் மாதங்களில் ஞாயிறுதோறும் குற்றாலத்துக்குச் சேர்ந்து போவோம். அருவியில் நிற்குமுன் முதுகில் எண்ணெய் தேய்க்க ஒருவர் வேண்டுமே. அவர் முதுகுக்கு நான், என் முதுகுக்கு அவர். அப்படி இருநூற்றுப் பதினோரு ஞாயிறுகள்.

ஊருக்கும் அவர் செல்லப்பிள்ளையாக இருந்தவர்தான். "சீனாவும் நாமளும் அண்ணந்தம்பில்லா" என்று டீக்கடைக்காரர் காசு வாங்க மறுப்பார். எல்லையில் சண்டை தொடங்கிய பதினைந்து நாளில் பல் கடைக்கு வந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் முன்பணத்தைத் திருப்பிக் கேட்க வந்தவர்.

அதே டீக்கடைக்காரர் முந்தின நாள் என்னிடம், "வாத்தியாரே, உம்ம கூட்டாளி ரேடியோ வச்சிருக்கானாமே? பல்லப் பிடுங்குத சாக்குல வேற என்னத்தப் பிடுங்குதானோ" என்றார். ஆறு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்னோடு ஏழு.

வைத்தியர் காகிதத்தை நீட்டினார்.

"அண்ணாச்சி, உள்ளூர்க்காரர் ஒருத்தர் கையெழுத்துப் போட்டா இங்கனயே இருக்கலாம்னு போலீஸ் ஸ்டேஷன்ல சொல்லுதாங்க. எத்தன வருசமாத் தெரியும்னு எழுதணும். அவ்வளவுதான்."

ஏழு வருஷம், நான்கு மாதம், பதினாறு நாள். எனக்கு மனப்பாடம். ஆனால், "டயரியப் பார்த்துத் தேதியச் சரியாப் போடணும். நாளைக்கு வாரும்" என்றேன். பள்ளிக்கூட நிர்வாகத்தையும் அந்த ஆறு பேரையும் நினைத்துப் பயந்தேன்.

அவர் காகிதத்தை மறுபடி சட்டைக்குள் வைத்துக்கொண்டார். "நீங்க கணக்குல கெட்டிலா, அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு மழையில் இறங்கினார்.

மறுநாள் வரவில்லை. புதன்கிழமை நானே போனேன். கடை பூட்டிக் கிடந்தது. சென்னையில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டதாகப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். அதன் பிறகு நான் அருவிக்குப் போகவில்லை.

மூன்று வருஷத்தில் சண்டை பாகிஸ்தானோடு என்றானது. டீக்கடையில் திட்டு வாங்க வேறு ஆள் கிடைத்தாயிற்று. 1966 தை மாதத்தில் ஒரு நாள் டீக்கடைக்காரர் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "அந்தச் சீனாக்காரர் இருந்தா இந்நேரம் வலி பறந்திருக்கும். கைராசிக்காரர்லா! தங்கமான மனுசன், அவரப் போயி யாருவே வெரட்டுனா?" என்றார்.

எல்லோரும் டீ டம்ளருக்குள் பார்த்தார்கள். நானும்தான்.

அந்த வாரமே சென்னைக்கு ரயிலேறினேன். மூன்று தெரு விசாரித்து அண்ணன் வீட்டைக் கண்டுபிடித்தேன். கதவைத் திறந்தவர் உள்ளே கூப்பிடவில்லை. தம்பி கல்கத்தா போய்க் கப்பலேறி இரண்டு வருஷம் ஆகிறது, கடிதம் இல்லை என்றார். "நீங்க யாரு?" என்று கேட்டார். ஊர்ப்பெயரை மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

போக வர ரயில், ஒரு நாள் விடுதி, சாப்பாடு, பஸ் எல்லாம் சேர்த்து நாற்பத்தொரு ரூபாய் முப்பத்தைந்து பைசா என்று டயரியில் எழுதினேன்.