பன்னெண்டு ஸ்டில்லுல பாத்த படம்

இதை எழுத வேணாம்னுதான் இருந்தேன். எட்டாங்கிளாஸ்ல ரெண்டு வருசம் குந்தி எழுந்தவன் எழுதுனா எவன் படிப்பான்னு ஒரு சோம்பல். அதைவிடப் பெரிய காரணம், எழுத உக்காந்தா உண்மையச் சொல்லியாவணும். நமக்கும் அதுக்கும் ரொம்ப தூரம்.

போன ஞாயித்துக்கெழம வடலூர்ல ஒரு கல்யாணம். பந்தலுக்குப் பின்னாடி வாடகைக்கு வீடியோ டெக்கு வச்சி படம் ஓட்டிக்கினு இருந்தானுங்க. எட்டிப் பாத்தா நம்ம செம்பருந்து! செவப்பு முகமூடி, முதுகுல தொங்குற துணி, எல்லாம் அதே. முன்னாடி குந்தியிருந்த வாண்டுங்க பட்டனை அமுக்கி அமுக்கி சண்டைய மட்டும் பாத்துதுங்க. அந்த நேரம் பாத்து சமையல்காரரு பாயசத்துக்கு முந்திரி வறுத்தாரு. கண்ணு படத்துல, மூக்கு முந்திரியில. இது ரெண்டும் ஒண்ணு சேந்தா எனக்கு ஒரே ஒரு ஆளு ஞாபகம்தான். சுடலை.

சுடலைக்கு முன்னாடி செம்பருந்தைச் சொல்லிடறேன். பகல்ல கடியாரம் ரிப்பேர் பண்ற ஆளு. எங்கனா அநியாயம் நடந்தா முகமூடிய மாட்டிக்கினு கெளம்பிடுவான். காமிக்ஸ் புக்கா வந்துக்கினு இருந்துச்சி. ஒரு புக்கு வந்தா எங்க குவார்ட்டர்ஸ் பிளாக் பூரா சுத்திட்டு கடேசியாத்தான் என் கைக்கு வரும். வில்லன் மூஞ்சில எவனாவது பஜ்ஜிய வச்சித் தின்னுருப்பான்.

புக்கு ஒண்ணுதான், படம் மூணு. மொதப் படம் கருப்பு வெள்ள, இங்கிலீஸ். எங்க கரிச் சொரங்க டவுன்ஷிப் கிளப்புல துணி கட்டிக் காட்டுனாங்க. அதுல செம்பருந்துக்குத் தொப்ப. பறக்கறப்ப முதுகுல கட்டுன கம்பி பளிச்சினு தெரியும். ஆனா மூஞ்சில ஒரு சிரிப்பு இருக்கும் பாரு, பொண்ணு பாக்க வந்த மாப்ள மாதிரி. அவன் பறந்தா நமக்கு பயமே வராது. எப்பிடியும் பத்தரமா எறங்கிடுவான்.

ரெண்டாவது, தெலுங்குலேந்து நம்ம பாஷைக்கு மாத்துனது. முகமூடி கண்ண மட்டும்தான் மறைக்கும். அந்த ஊரு மாட்டுக்குக்கூட ஆளு யாருன்னு தெரிஞ்சிபூடும், கதாநாயகிக்கு மட்டும் தெரியாது. அவளையும் தூக்கிக்கினு பறந்துக்கினே பாடுவான். எனக்கு இந்தப் படந்தான் ஒசத்தி. சுடலைக்குத் தொப்பக்காரந்தான் நெசமான செம்பருந்து. உன் ஆளு கல்யாண பேண்டு வாசிக்கறவன் மாதிரி இருக்கான்னு அவன் சொல்லுவான். உன் ஆளு இன்னொரு தோச தின்னா கம்பி அறுந்துடும்னு நான் சொல்லுவேன். சாயங்காலம் பஸ் ஸ்டாப்பு மதவு மேல குந்துனா இதே பேச்சுதான்.

மூணாவது புது இங்கிலீஸ் கலர் படம். மெட்ராஸ்ல மட்டும் ஓடிக்கினு இருந்துச்சி. அதை நான் பாத்துட்டு வந்துட்டதா சொல்லிட்டேன். அங்கதான் வெனை புடிச்சிது.

நெசம் என்னன்னா, அக்காவப் பாக்க மெட்ராஸ் போனேன், தியேட்டரு வாசல் வரைக்கும் போனேன், ஹவுஸ்புல். வெளிய கண்ணாடிப் பொட்டிக்குள்ள ஸ்டில்லு ஒட்டியிருந்தானுங்க, பன்னெண்டு. ஒரு மணி நேரம் நின்னு பாத்தேன். பஸ்ஸு பண்ருட்டி வர்றதுக்குள்ள பன்னெண்டையும் கோத்து முழுப் படமா ஆக்கிட்டேன்.

இப்ப சுடலைக்கு வரேன். அவங்க திருநெவேலிப் பக்கத்துக் குடும்பம். அவன் அப்பா, நான் மாமான்னு கூப்புடுவேன், மைன்ஸ்ல மண்ணையும் கரியையும் வெட்டுற, பல மாடி ஒசரம் இருக்கற அந்தப் பெரிய சக்கர மெஷின்ல இருவது வருச ஆப்பரேட்டரு. ரிட்டயர்டு ஆவ ரெண்டு வருசந்தான் இருந்துச்சி. ரிட்டயர்டு ஆனா குவார்ட்டர்ஸ காலி பண்ணணும். பையன் பெர்மனென்ட் ஆயிட்டா அவன் பேர்ல ஒரு குவார்ட்டர்ஸ் கெடைக்கும். ஆயா வூடு, சித்தப்பா வூடுன்னு ஓடறதுக்கு எங்களுக்கு இருக்கற மாதிரி அவங்களுக்கு இந்தப் பக்கம் யாரு இருக்கா? ரெண்டு தங்கச்சி வேற படிச்சிக்கினு இருந்துதுங்க. சுடலைய அப்ரெண்டிஸா எடுத்தப்ப மாமா பிளாக் பூரா லட்டு குடுத்தாரு. வேற மெஷினு, வேற ஷிப்டு. இருந்தாலும் நம்ம புள்ளயும் மேல ஏறுதான்னு அவருக்கு ஒரு பெரும.

ஏறுனான். பாதி ஏணியிலயே கண்ணு இருட்டி, கம்பியக் கட்டிப் புடிச்சிக்கினு நின்னுட்டான். நாலு பேரு சேந்து எறக்குனாங்க. மறுநாளும் அதே கத. அஞ்சாவது நாளு அவன் போவவே இல்ல. என்கிட்ட மட்டும் சொன்னான். நான் சிரிச்சேன். செம்பருந்துக்கு ரசிகன், ஏணிக்கு பயமான்னு சிரிச்சேன். இப்ப நெனச்சா வாய்லயே போட்டுக்கலாம்னு இருக்கு.

அதுக்கப்பறம் தெனமும் காத்தால டிபன் பாக்ஸோட கெளம்புவான். மைன்ஸ் பஸ்ஸுக்குப் பதிலா பண்ருட்டி பஸ்ஸு. அங்க முந்திரி ஒடைக்கற ஷெட்ல வேல. மைன்ஸ் போனவன் சுத்தமா வூட்டுக்கு வந்தா சந்தேகம் வராதான்னு கேட்டான். அதுக்கு யோசன குடுத்தது நாந்தான். அடுப்புக் கரி ரெண்டு துண்ட இடிச்சிப் பொட்டலமா வச்சிக்கோ, பஸ்ஸ வுட்டு எறங்குனதும் சட்டையில தடவிக்கோன்னேன். எங்க ஊர்ல அப்ப பாதி வூட்டு அடுப்புல, பழுப்புக்கரிய சூளையில சுட்டுக் கட்டியாக்குன கரிதான். ஆறு வாரம் தடவுனான்.

மதவு மேல குந்தறப்ப அவன் மூஞ்சியப் பாக்க முடியாது, அவ்வளவு வாட்டம். அதனாலதான் மூணாவது படத்த அவனுக்குன்னே கொஞ்சம் வளைச்சேன். இந்த செம்பருந்து பறக்க மாட்டான்டா, ஏறித்தான் போவான், கீழ பாத்தா அவனுக்கும் தல சுத்தும்னேன். நிமிந்து குந்துனான். ஒரு ஸ்டில்லுல முகமூடிய கையில வச்சிக்கினு ஒரு கெழவன் முன்னாடி நின்னுக்கினு இருப்பான். அதை அவன் அப்பாவா ஆக்கிட்டேன். "நாந்தாம்பா அது, இனிமே என்னால முடியல"ன்னு சொல்லுவான், அப்பா ஒரு வார்த்த பேசாம தட்டு எடுத்து சோறு போடுவாருன்னேன். அந்த சீன மட்டும் பத்து தடவ சொல்லச் சொல்லிக் கேட்டிருப்பான்.

திடீர்னு ஒருநாளு ஓடியாறான். படம் பண்ருட்டிக்கு வந்துடுச்சாம்.

"ஞாயித்துக்கெழம மேட்னிக்கு அப்பாவக் கூட்டிக்கினு போறேன். அந்த சீன் வரட்டும், அதைப் பாத்துட்டாருன்னா நான் இன்டர்வெல்ல சொல்லிடுவேன். நீயும் வாடா, பயமா இருக்கு."

பிரிண்டு மோசம்னேன். அந்தத் தியேட்டர்ல மூட்டப்பூச்சின்னேன். அவன் கேக்கவே இல்ல. பத்து வருசமா சினிமா பக்கம் போவாத மாமா சரின்னுட்டாராம்.

பஸ்ல எப்பிடியாவது சொல்லிடலாம்னு பாத்தேன். எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மாமா. இஸ்திரி போட்ட வெள்ளச் சட்ட, நெத்தியில துண்ணூறு, மடியில கைய வச்சிக்கினு நேராப் பாத்துக்கினே வந்தாரு. சின்னதா ஒரு வாக்கியம் போதும், படத்த நான் பாக்கலடான்னு. அதுக்குள்ள பண்ருட்டி வந்துடுச்சி.

படம் ஆரம்பிச்சி அஞ்சி நிமிசம் இருக்காது. செம்பருந்து ஆறாவது மாடி வெளிச்சொவத்து விளிம்பு மேல தடதடன்னு ஓடுறான், ஏதோ கடைக்குப் போறவன் மாதிரி. சுடலை என்னத் திரும்பிப் பாத்தான். ரீல மாத்திப் போட்டுட்டானுங்கன்னேன். அடுத்து கூரைக்குக் கூரை தாவுறான். இங்க கட் பண்ணிட்டானுங்கன்னேன். அதுக்கு மேல சுடலை என்னப் பாக்கல. அவன் காலு ஆடி எங்க பெஞ்சே ஆடிச்சி.

கெழவன் வந்தான். கடியாரக் கட. செம்பருந்து கையில முகமூடி. கெழவன் அதைக் காட்டி என்னமோ கேக்கறான். சுடலை பெஞ்சு நுனிக்கு வந்துட்டான். நானுந்தான். அந்த ஸ்டில்லுக்கு அப்பறம் என்ன வரும்னு எனக்கும் தெரியாதே.

செம்பருந்து சிரிச்சான். இது ரோட்டுல கெடந்துச்சின்னு கையக் காட்டி, முகமூடியக் குப்பத் தொட்டியில போட்டான். பொய் சொல்றான்னு புரிய இங்கிலீஸ் தேவப்படல. தியேட்டரே சிரிச்சிது. கொஞ்ச நேரத்துல லைட்டு போட்டுட்டான். இன்டர்வெல்லு.

வெளிய மாமா மூணு டீ வாங்குனாரு. சுடலை கிளாஸ வாங்கிக் கையில வச்சிக்கினு நின்னான். மாமா என் பக்கம் திரும்புனாரு.

"நீ முன்னாடியே பாத்த படம்லா. அந்தக் கெழவன் அவனுக்கு யாருடே?"

அப்பான்னேன்.

"அப்பனா? அப்பன்னா அவன் வாயத் தொறக்கமுன்ன தெரிஞ்சிருக்குமே."

சுடலை கிளாஸக் கீழ வச்சான். "அப்பா, நான் மெஷினுக்குப் போவல. ஆறு வாரமாச்சி. ஏறுனா தல சுத்துது."

மாமா கையில இருந்த டீய ஊதி ஊதிக் கடேசி சொட்டு வரைக்கும் குடிச்சாரு. அவ்வளவு நேரம் ஒரு டீய யாரும் குடிச்சி நான் பாத்ததில்ல. அப்பறம் கொரல ஒசத்தாம சொன்னாரு.

"மண்ணுக்குள்ள இருந்து வாற கரி பழுப்பால்லா இருக்கும். நீ பூசிட்டு வந்தது சுட்ட கரி, கன்னங்கரேல்னு. இருவது வருசமா அதத்தான் வெட்டுதேன். எனக்குத் தெரியாதாலே?"

"அப்ப ஏன்பா கேக்கல?"

மாமா கிளாஸத் திருப்பிக் குடுத்துட்டு என்னப் பாத்தாரு. "கரி யோசன உன்னுதா?"ன்னாரு. நான் டீ கிளாஸுக்குள்ள பாத்துக்கினு இருந்தேன். பெல் அடிச்சிது. "வாங்கலே, படத்தப் போட்டுருவான்"னு உள்ள போயிட்டாரு.

அந்தப் பிற்பாதியில என்ன நடந்துச்சின்னு இன்னிக்கும் எங்களுக்குத் தெரியாது. திரையில யாரோ யாரையோ அடிச்சானுங்க. நாங்க ரெண்டு பேரும் மாமா மூஞ்சியத்தான் ஓரக்கண்ணால பாத்துக்கினு இருந்தோம். அவரு இமைக்காம படம் பாத்தாரு. திரும்பறப்ப பஸ்ல முன்னாடி சீட்டுல தனியா குந்திக்கினாரு. வூட்டு வாசல்ல செருப்பக் கழட்டிட்டு, நான் இருக்கறதையும் பாக்காம, "நாளைக்குப் போயி மெஷின் வேல வேணாம்னு எழுதிக் குடுத்துரு. ஒளிஞ்சி திரியாத"ன்னாரு. அவ்வளவுதான். அதுக்கப்பறம் ஒரு மாசத்துக்கு மேல அவன்கிட்ட பேசல.

ஏறச் சொல்லி அவரு கட்டாயப்படுத்தல, ஆனா பையன் பெர்மனென்ட் ஆவாததுக்கு உண்டானது நடக்காம இல்ல. ரெண்டு வருசம் கழிச்சி குவார்ட்டர்ஸ காலி பண்ணாங்க. லாரியில மாமாவே நின்னு கட்டில ஏத்துனாரு. பையன் மட்டும் ஒழுங்கா ஏறியிருந்தான்னா, அப்பிடின்னு பக்கத்து வூட்டம்மா சொன்னது சுடலை காதுல வுழுந்துச்சி. கயித்த இன்னும் இறுக்கிக் கட்டுனான், திரும்பல. இப்ப பண்ருட்டியில வாடக வூடு. முந்திரி ஷெட்டுல இன்னிக்கு அவந்தான் மேஸ்திரி.

அந்தத் தியேட்டரு இப்ப குடோன். காமிக்ஸ் புக்கு நின்னு நாலஞ்சி வருசம் ஆவுது. கிளப்புல துணி கட்டுறதில்ல. ஞாயித்துக்கெழம சாயங்காலம் பிளாக்ல நடந்தா எல்லா வூட்டு ஜன்னல்லயும் டீவியோட நீல வெளிச்சம், மதவு மேல காக்கா. எல்லாரும் எல்லாப் படத்தையும் பாத்துடறாங்க. அப்பல்லாம் ஒருத்தன் பாத்துட்டு வருவான், நாப்பது பேரு அவன் வாயப் பாத்துக்கினு குந்தியிருப்போம். இப்ப எவனும் எவனுக்கும் படம் சொல்றதில்ல.

எழுதுனத எடுத்துக்கினு நேத்து பண்ருட்டிக்குப் போனேன். முந்திரிய ஒடஞ்சது, முழுசுன்னு பிரிச்சிக்கினு இருந்தான். இது வரைக்கும் படிச்சிக் காட்டுனேன். அந்த மெட்ராஸ் தியேட்டருக்குள்ள நான் போவவே இல்லடா, எல்லாம் ஸ்டில்லுன்னேன். தலையத் தூக்காம சொன்னான்:

"அது அன்னிக்கே தெரியும்டா, அந்த அப்பா சோறு போடற சீன இன்னொருக்கா சொல்லு."